மூன்று தண்ணீரில் கழுவிய அரிசி

"புத்தகத்தில வாசிச்சு அங்கை வண்டி ஓடேலாது பிள்ளை. அது வேற மண்," என்றார் என் கணவரின் அம்மா, சிட்னியின் கிரவீன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடி. நானும் கணவரும் செம்மண் பாலையில் கூடாரம் அடித்துத் தங்கப் புறப்பட்ட நாள் அது. நான் பெட்டியை வண்டியில் ஏற்றினேன். பட்டியல் என் கையில் இருந்தது: கூடாரம், காஸ் அடுப்பு, மருந்துப் பெட்டி, கடதாசி வரைபடம், இருபது லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான்தான் வாசித்துச் சொல்வேன். ஒரு வரியை விட்டால் என்ன ஆகும் என்று சிறுவயதிலேயே தெரியும். அதனால் என் பட்டியலில் எனக்குப் பெருமை இருந்தது.

சிட்னியிலிருந்து மேற்கே இருவரும் இரண்டு நாள் வண்டியில் ஓடினோம். தார் ரோட் முடிந்த இடத்தில் ஒரு பலகை நின்றது: மழை பெய்தால் இந்த மண் ரோட்டில் வண்டி ஓட்டக் கூடாது. வானத்தில் ஒரு முகில் இல்லை. முப்பது கிலோமீட்டர் உள்ளே, சிவப்பு மண்மேட்டின் அடியில் கூடாரம் அடித்தோம். அங்கே இருந்த தண்ணீர்த் தாங்கி வெறுமையாகக் கிடந்தது.

"நாப்பது லீற்றர் இருக்குத்தானே, காணும்," என்றார் கணவர்.

போதும்தான், நாங்கள் நாங்களாக இல்லாவிட்டால். வேர்வையோடு படுக்க முடியாது என்று அவர் மாலையில் ஒரு வாளி குளித்தார். நான் அரிசியைத் தெளியும்வரை மூன்று தண்ணீரில் கழுவி மணலில் ஊற்றினேன். இரண்டு நாளும் இப்படியே. என் பட்டியலில் அரிசி கழுவும் தண்ணீர் இல்லை. கழுவும்போது அது எனக்குத் தோன்றவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, புறப்படக் கூடாரத்தைக் கழற்றும்போது மழை கொட்டியது. ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டது. ஒரு கான் காலி. மற்றதைத் தூக்கினேன். ஆறு லீற்றர் இருக்கும். போனில் சிக்னல் இல்லை.

"முப்பது கிலோமீட்டர்தானே. மெதுவா ஓடுவம்," என்றார்.

"பலகையை நீங்களும் வாசிச்சனீங்கள்."

"பலகை எல்லாருக்கும் பொதுவாப் போடுறது. திங்கள் எனக்கு வேலையப்பா."

"இடையில புதைஞ்சால் யாரும் வரமாட்டினம்."

"அப்ப தண்ணியில்லாத இடத்தில நிக்கச் சொல்லுறீரோ?"

ரோட்டில் ஐம்பது அடி நடந்து பார்த்தேன். சப்பாத்தில் ஒட்டிய சேறு செங்கல் மாதிரிக் கனத்தது. திரும்பி வந்து சாவியை எடுத்து என் பையில் போட்டேன். அவர் முறைத்தபடி கூடாரத்தை மறுபடி அடித்தார்.

மிச்சத் தண்ணீரைப் போத்தல்களில் ஊற்றி, ஒவ்வொரு வேளைக்கும் பேனாவால் கோடு போட்டேன். தார்ப்பாயின் குழியில் தேங்கிய மழைநீரைக் கொதிக்க வைத்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கழுவாத அரிசியைப் போட்டேன்.

"மண் கடிக்குது," என்றார்.

"இரும்புச் சத்து. சாப்பிடுங்கோ."

சிரிக்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நல்ல வெயில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் ரோட்டை மிதித்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை சப்பாத்து சேறில்லாமல் வந்தது. இரண்டு போத்தல்தான் மிச்சம். "இப்ப போவம்," என்றேன். நான் ஓட்டினேன்.

பாதி வழியில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அவர் இறங்கி வெறுங்காலால் நடந்து ஆழம் பார்த்தார். கணுக்காலுக்கு மேல் இல்லை. வண்டியை இறக்கினேன். வண்டியின் பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன.

"பின்னுக்கு எடும். இன்னும் பின்னுக்கு. இடப்பக்கம் கல்லு இருக்கு, அதிலை ஏத்தும்."

மெல்லப் பின்னால் எடுத்து, இடப்பக்கம் ஒடித்தேன். வண்டி ஒரு பக்கம் சரிந்து, கல்லைப் பிடித்து ஏறியது. சில்லுகளிலிருந்து தெறித்த சேறு முழங்கால்வரை ஒட்டியிருக்க அவர் ஓடிவந்து ஏறினார். தார் ரோட் வந்ததும் கடைசிப் போத்தலைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினார்.

நாங்கள் தப்பியது பாதி அந்தக் கல்லால். தப்புவதை அதிர்ஷ்டத்திடம் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த கிழமையே, மண் ரோட்டில் வண்டி ஓட்டும் பயிற்சிக்கு இருவர் பெயரையும் கொடுத்தேன். போன சனிக்கிழமை முதல் வகுப்பு. வண்டியை வேண்டுமென்றே சேற்றில் புதைத்து விட்டு, வெளியே எடுக்கச் சொன்னார்கள். இரண்டாவது முயற்சியில் எடுத்தேன்.