ஆல்டர்பியில் கடைசி ஆல்டர்பி

ஆல்டர்பி என்ற அந்த இங்கிலாந்துக் கிராமத்தில், ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர்களில் மிச்சமிருந்தவள் வின்னி ஒருத்திதான். வயது ஐம்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. நியூசிலாந்தில் ஒரு துறைமுகம், கனடாவில் ஒரு நீதிபதி, மலிவுத் துப்பறியும் கதைகளில் வரும் ஒரு நகைத்திருடன் என எல்லாவற்றுக்கும் அதே பெயர். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவர்களை விருந்துக்கு அழைத்ததாகக் கனவு காண்பாள். திருடனை நீதிபதி பக்கத்தில் உட்காரவைத்தால் வம்பாகுமே என்று கவலைகூடப் படுவாள். பாவம், தனிமை மனுஷியை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது!

வெளிநாட்டு ஆல்டர்பிகள் பூர்வீகம் விசாரித்து வின்னிக்கு எழுதும் கடிதங்களைக் கொண்டுவந்து தருபவர் தபால்காரர் சிரில் ஹாப்ஸ், மனைவியை இழந்தவர். ஒரு மழைநாள் வாசலில் நின்று கேட்டார்: "எல்லாருக்கும் பதில் போடறீங்க. நீங்க சாப்டீங்களான்னு ஒருத்தராவது எழுதறாங்களா?"

அன்றைக்குத் தேநீர் குடிக்க உள்ளே வந்தவர்தான். வசந்தத்தில் கல்யாணம் பேசி முடித்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊர்மன்றத் தலைவர் டிப்ஸ் ஓடிவந்தார். "கட்டிக்கிட்டா நீ ஹாப்ஸ் ஆயிடுவியே வின்னி! முந்நூறு வருஷப் பேரு! தேடி வர்றவங்களுக்கு நாங்க யாரைக் காட்டறது?"

"கல்லறையைக் காட்டுங்க. அங்க எங்க குடும்பத்துல நாப்பது பேரு படுத்திருக்காங்க."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது, மனசு ஆடிப்போனது. அந்தப் பெயரை விட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பார்கள். ஆட்சேபம் இருப்பவர் எழுந்து சொல்லலாம். தன் அறிவிப்பைத் தானே கேட்கும் பெண்ணுக்கு ஊமைப்பிள்ளை பிறக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. 'ஐம்பத்தாறு வயசில் அந்தப் பயம் வேறயா?' என்று மூன்றாவது ஞாயிறு வின்னி போய் உட்கார்ந்தாள்.

பாதிரியார் வாசித்து முடித்ததும் டிப்ஸ் எழுந்தார். "எனக்கு ஆட்சேபம் இருக்கு. பேரு அழிஞ்சுபோகும்."

"அது சட்டப்படி தடை இல்லை மிஸ்டர் டிப்ஸ், உட்காருங்க," என்றார் பாதிரியார்.

டிப்ஸ் உட்காரவில்லை. எல்லாத் தலைகளும் வின்னி பக்கம் திரும்பின. அவள் எழுந்தாள்.

"ஊருக்குத்தான் அந்தப் பேரு இருக்கே, மிஸ்டர் டிப்ஸ். எனக்கு யாரு இருக்கா?"

டிப்ஸ் மெதுவாக உட்கார்ந்தார்.