இருமலைத் தேடி ஏறிய மாடிகள்

பிறர் இருமலைத் தேடி மாடி ஏறுவது எங்கள் தொழில். எங்களைக் கண்டதும் அந்த இருமலை விழுங்கிக்கொள்வது அவர்கள் தொழில். கதவு மணி அடித்துப் பிழைக்கும் சகோதரங்களே, உங்களுக்கு இது புதிதல்ல. இத்தாலியின் பலேர்மோ நகரில் தமிழர் வீடுகளில் காசநோயையும் புற்றுநோயையும் தேடிப் பிடிக்கச் சுகாதார அலுவலகம் ஒன்று என்னை அமர்த்தியது. அரசியல் கூட்டங்களுக்கு ஆள் திரட்டத் துண்டுப்பிரசுரத்தோடு அரை ஆயுள் இதே படிகளில் ஏறியவன், எல்லா வீடும் இவனுக்குத் தெரியும் என்று நம்பினார்கள். எல்லா வீட்டுக்கும் என்னைத் தெரியும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

கூட்டத்துக்கு வராத வீடு

போர்கோ வெக்கியோ பகுதியில் யேசுதாசன் வீட்டு மணியை அழுத்தினேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. "நான்தான், தம்பி" என்றேன். அதுதான் பிழை. கதவு திறக்கவில்லை, பதில் மட்டும் வந்தது. கொள்கைப்பற்று இல்லாத சனம் என்று முணுமுணுத்தபடி இறங்கிவிட்டேன். சந்தைவரை வந்த பிறகுதான் அவன் சொன்னது மூளைக்கு எட்டியது. திரும்ப ஏறினால் விளக்கும் அணைந்திருந்தது. அவன் சொன்னது இதுதான்:

"அண்ணை, இந்த முறை கூட்டத்துக்கு வரேலாது. இஞ்சை ஒருத்தருக்கும் சுகமில்லை."

வியாழன் பின்னேரம்

யேசுதாசனின் மனைவி செல்வி, லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியச் சீமாட்டியைப் பராமரித்துக்கொண்டு அங்கேயே தங்குகிறாள். அவளுக்கு ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும். மார்பகப் பரிசோதனையோ காலையில். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் உழைக்கும் பெண்களின் உரிமை பற்றி முழங்கினேன். நான் வரலாற்றுப் பின்னணியை முடிப்பதற்குள் செல்வி நேரே என்னோடு வந்திருந்த அலுவலக நர்ஸிடம் போய், வியாழன் பின்னேரத்துக்கு ஒரு நேரம் வாங்கிவிட்டாள். பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்:

"என்னை விடுங்கோ அண்ணை. வீட்டிலை ரெண்டு பேர் இருமினம், அதைப் பாருங்கோ."

பெயர் சொல்லாக் கொள்கை

நான் பார்க்குமுன் யேசுதாசனை அவளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். காசநோய்தான். கூட இருந்தவர்களையும் சோதிக்க வேண்டும், பெயர்களைக் கேட்டு வா என்று நர்ஸ் என்னை அனுப்பினாள். யேசுதாசன் தன் மனைவியின் பெயரைச் சொன்னான். வீட்டில் மற்றக் கட்டிலில் படுப்பவன் யார் என்றேன். முகக்கவசத்துக்கு மேலே அவன் கண்கள் சுவருக்குப் போயின. பெர்மெஸ்ஸோ இல்லாத யாரோ என்று விளங்கியது. தங்கும் அனுமதி இல்லாதவன் தானாக ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான், மருந்தில்லாவிட்டால் சாவான். என் முழுத் திறமையையும் காட்டி வாதாடினேன். யேசுதாசன் பொறுமையாகக் கேட்டான், பிறகு சொன்னான்:

"ஆர் கேட்டாலும் கூட இருக்கிறவன்ரை பேரைச் சொல்லாதை எண்டு மைக்கிலை சொன்னது நீங்கள்தானே அண்ணை. அதைக் கேட்டு நடக்கிற ஒரே ஆள் நான்."

வாய்ப்பூட்டு

அடுத்த வியாழன் செல்வியே என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நிபந்தனை ஒன்று: நான் வாய் திறக்கக் கூடாது. இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டோம். கட்டிலில் போர்த்தியபடி ரெஜி. வன்னியிலிருந்து கடைசியாக வந்தவன், துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறவன். கையிலிருந்த துவாயில் இரத்தம். "பொலிசுக்குச் சொல்லுவினமோ?" என்று செல்வியைக் கேட்டான்.

"சொல்லமாட்டினம். டொக்டர்மார் சொல்லக்கூடாது எண்டு சட்டம் இருக்கு. எழும்பு."

அதையே நான் எட்டுப் பக்கப் பிரசுரமாக எழுதிப் பையில் வைத்திருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரெஜி சப்பாத்தைத் தேடினான். படியில் இருமல் அவனை மடக்கியபோது தோளைக் கொடுத்தேன். இப்போது மருந்து எடுக்கிறான், தேறி வருகிறான். அன்று கடைசிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் செல்வியிடம் கேட்டான்:

"அக்கா, இந்த அண்ணைக்குக் கதைக்க ஏலாதோ? பாவம்."

ஊரையே வீதிக்கு இறக்குவேன் என்று அரை ஆயுள் பேசிய நான், கடைசியில் இறக்கியது மூன்றாம் மாடியிலிருந்து ஒருவனை, அதுவும் பேசாமல் இருந்தபடியால்.