அணைத்தால் எழுந்துகொள்ளும் கம்ப்யூட்டர்

எங்கள் ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். ஸ்டிக்கர் டேபிள். மற்றதெல்லாம் நின்றபடி, குனிந்தபடி, தூக்கியபடி. முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது, கிரேட் பெட்டி தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கவும் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, அந்தக் கம்பெனியில் எனக்கு மிச்சம் இருந்தது அந்த நாற்காலிதான். அது போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதற்கு உரிய படிப்பு என்னிடம் கிடையாது. பன்னிரண்டாவது முடித்து, கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டும் வைத்திருக்கிற பெண்ணைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால், "ஆள் கெடைக்கிற வரிக்கும் நீ பாத்துக்கம்மா" என்று சூப்பர்வைசர் என்னை உட்கார வைத்தார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கேட்டில் புதிதாக ஒரு பெண் வந்து நின்றால், அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். கையில் ஃபைல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காருக்குள் ஒயரைப் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் கிளிப் செய்கிற சின்னக் கம்பெனி, வடக்குப்பட்டுக்குக் கொஞ்சம் தள்ளி. பெட்டி பெட்டியாக ஒரகடத்தில் இருக்கிற பெரிய கார் பிளான்ட்டுக்குப் போகும். ஒவ்வொரு பெட்டி மேலும் கோடு கோடாகப் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை அங்கே கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். காலை எட்டரைக்கு முதல் வண்டி. அதற்குள் நான் அடித்துக் கொடுத்தாக வேண்டும்.

தொல்லையெல்லாம் சாயங்காலம்தான். ஐந்து பத்துக்கு பெல் அடிக்கும். எல்லோரும் அவரவர் மெஷினை நிறுத்தி, துடைத்து, கீழே பெருக்க வேண்டும். ஃபைவ் எஸ் என்று அதற்குப் பெயர். ஐந்து இருபதுக்கு எலெக்ட்ரீஷியன் ஷெட்டின் மெயினை இறக்குவான். ஆள் இல்லாத ஷெட்டில் ஒரு பச்சை விளக்குகூட எரியக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஐந்தரைக்கு பஸ். மெயின் இறங்குவதற்குள் கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைந்திருக்க வேண்டும். ஓடும்போது கரண்ட் போனால், மறுநாள் காலையில் கறுப்புத் திரையில் வெள்ளை இங்கிலீஷைக் கொட்டிவிட்டு அப்படியே நிற்கும். யூபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. மேலே டீ டம்ளர் வைக்க வசதியாக இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனதும், எங்கேயோ மூடிய ஆபீசிலிருந்து விலைக்கு வாங்கி வந்த இன்னொன்றை வைத்தார்கள். விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போட்டால் வைரஸ் வராது, லைசென்ஸ் செலவும் இல்லை என்றார்கள். வைரஸ் வரவில்லை, உண்மைதான். வேறொன்று வந்தது. ஷட் டவுன் கொடுப்பேன். திரை கறுக்கும். ஃபேன் ஓயும். அப்பாடா என்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பீப். ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும். காலையில் வந்த மாதிரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாஸ்வேர்டு கேட்கும். மறுபடி அணைப்பேன். மறுபடி பீப். சில நாள் ஒரே தடவையில் அணையும், சில நாள் நாலு தடவை. தினமும் எழுந்தால்கூட மனசு தயாராக இருக்கும். இது எந்த நாள் என்ன செய்யும் என்று தெரியாததில் மூன்று மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

எலெக்ட்ரீஷியன் திருநெல்வேலிப் பக்கம். மண்ணூரில் ரூம் எடுத்து நாலு பேரோடு இருக்கிறான். மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கத்துவான்.

"எக்கா, எறக்கட்டா?"

"இரு தம்பி, இரு. எழுந்துடுச்சு."

"இன்னைக்கும் முழிச்சிட்டா? அதுக்கு ஓ.டி. போட்டுக் குடுக்கச் சொல்லுங்க எக்கா. வீட்டுக்கே போவ மாட்டேங்கி."

பஸ்ஸில் அதற்கு மேல். கடைசியாக ஓடி வந்து ஏறுகிறவள் நான்தானே. டிரைவர் ஹாரனிலேயே கை வைத்திருப்பார். "வந்துட்டாங்கப்பா, கொழந்தைய தூங்க வச்சிட்டு" என்பாள் பேக்கிங்கில் இருக்கிற ஒருத்தி. "இன்னா பாட்டு பாடுன?" என்பாள் அவள் பக்கத்தில் இருக்கிறவள். சிரித்துத் தொலைப்பேன். வேறு என்ன செய்வது?

முதல் தடவை காலை லோடு வண்டி நின்றது எலெக்ட்ரீஷியன் அவசரத்தால். நான் "இரு" என்றது அவன் காதில் விழவில்லை, இறக்கிவிட்டான். இரண்டாவது என் புத்தியால். ஃபேன் ஓய்ந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் எப்படி எழும் என்று யோசித்து, மேலே துடைத்து முடித்த கையோடு, முதுகு வலிக்க டேபிளுக்கு அடியில் புகுந்தேன். பிளக் கையில் வருவதற்குள் அது எழுந்து பாதி வந்துவிட்டது. பிடுங்கிவிட்டேன். மறுநாள் காலை வெள்ளை இங்கிலீஷ். வண்டி ஒரு மணி நேரம் நின்றது. லோடு டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் படம் பார்த்தார். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? இன்னொரு வாட்டி வண்டி நின்னுச்சின்னா என்னால ஒண்ணியும் பண்ண முடியாது. மேலகீறவங்க என்னத்தான் கேப்பாங்க. ஆள் பாத்துகினுதான் கீறேன், சொல்லிட்டேன்."

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் மெட்ராஸில் இருந்தார். எங்களைப் போலப் பல கம்பெனிக்கு அவர்தான். போன் செய்தால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குச் சலிப்பு வந்துவிடும்.

"மேடம், ஷட் டவுனுக்குப் பக்கத்துலயே ரீஸ்டார்ட்னு ஒண்ணு இருக்கும். அத அமுக்குறீங்களா?"

"இல்ல சார்."

"நல்லா பாத்து சொல்லுங்க."

"நல்லா பாத்துதான் சார் சொல்றேன்."

ஒன்பதாவது வரை படித்தவளுக்கு இரண்டு வார்த்தைக்கு வித்தியாசம் தெரியாது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கே சந்தேகம் வந்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அமுக்குவேன். அப்போதும் பீப்.

பிறகு ஒரு கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். எஸ், யு, டி, ஓ, கொஞ்சம் இடம் விடுங்க, பி, ஓ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். இடது கையில் போன், வலது கையால் ஒரு விரலில் அடித்தேன். அணைந்தது. அணைந்தே இருந்தது. "பாத்தீங்களா?" என்றார். மறுநாள் அதே எழுத்துகளை அதே மாதிரி அடித்தேன். அணைந்தது. ஒரு நிமிஷத்தில் எழுந்தது. நெட்வொர்க் வழியாக யாராவது எழுப்புகிறார்களோ என்று மெட்ராஸிலிருந்தே எதையோ மாற்றினார். கெர்னல் என்று எதிலோ ஒரு வரி சேர்த்தார். லினக்ஸையே புதுசாக மாற்றினார். ஒவ்வொரு தடவையும், அவர் லைனில் இருக்கும்போது அது செத்த பிணம் மாதிரி கிடக்கும். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றாலும் அப்படித்தான். அவர் வந்தால் நான் எழுந்து ஓரமாக நின்றுவிடுவேன். அவர் கை கட்டிக்கொண்டு பார்ப்பார். அது அசையாது. அவர் தலை மறைந்து நான் திரும்பினால் பீப். என்னை மட்டும் கண்டால் எழுந்து நிற்க, நான் அதற்கு என்ன மாமியாரா?

ஒரு வெள்ளிக்கிழமை அந்த மெட்ராஸ் கம்ப்யூட்டர்காரரே நேரில் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பத்து தடவை அணைத்தார். பத்து தடவையும் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்திருடா, ஒரே ஒரு தடவை எழுந்திரு என்று மனசுக்குள் அதனிடம் கெஞ்சினேன். இரண்டு மாதமாக அணைந்துபோ என்று கெஞ்சியவள். கடைசியில் மேனேஜருக்கு மெயில் போட்டார். அதில் என்ன சார் எழுதினீர்கள் என்று கேட்டேன். "மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு" என்றார். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, யூசர் மிஸ்டேக் என்று போட்டிருக்கிறது என்றார். என்னிடம் திரும்பி, குரலை இறக்கி, "திங்கக்கெழம ஒரு பொண்ணு வருது. நீ பேக்கிங்ல நில்லு, இன்னா பண்றது" என்றார்.

பேக்கிங்கில் நில்லு. நிற்க முடிந்தால் நான் எதற்கு இவர்களிடம் இந்தப் பாடு படுகிறேன்?

அப்போதுதான் பெல் அடித்தது. அழுகை வந்தாலும் கை சும்மா இருக்குமா? டிராயரிலிருந்து வேஸ்ட் துணியை எடுத்தேன். கம்ப்யூட்டர் அணைந்துதான் கிடந்தது. ஸ்டிக்கர் பிரிண்டரைத் துடைத்தேன், திரையைத் துடைத்தேன், கீபோர்டை இப்படியும் அப்படியும் நாலு இழுப்பு இழுத்தேன்.

பீப்.

பையில் லேப்டாப்பைத் திணித்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். தொடச்சேன்."

"மறுபடி அணைங்க. மறுபடி தொடைங்க."

அணைத்தேன். ஃபேன் ஓய்ந்தது. துடைத்தேன். பீப். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தினமுமா தொடைப்பீங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாயிட்டா கீபோர்ட விட்டுடுவேன். மத்தபடி தினமும்தான்."

"ஏங்க, அணைச்சிட்டு ஏன் தொடைக்கிறீங்க? ஓடும்போதே தொடைச்சிட்டு அணைக்க வேண்டியதுதானே?"

அவருக்கு எப்படிச் சொல்வது? இதற்கு முன்னால் நான் கிளிப்பின் ஓரத்தை வெட்டுகிற ட்ரிம்மிங் மெஷினில் இருந்தேன். ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த கன்வேயரைத் துணியால் துடைக்கப் போய், துணியோடு கிளவுஸ் நுனியும் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் இருந்தவள் சிவப்பு பட்டனைக் குத்தியதால் விரல் மிஞ்சியது. அன்றைக்கு மொத்த லைனையும் நிற்க வைத்து இதே சூப்பர்வைசர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மெஷினை நிறுத்து, நின்றதா பார், அப்புறம் துணியை எடு. அதற்குப் பிறகு ஓடுகிற எதன் மேலும் நான் துணி வைத்ததில்லை. வீட்டில் மிக்சியைக்கூட பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடுவேன்.

"ஓடுற மெஷின்ல துணி வைக்கக் கூடாது சார்" என்றேன்.

அவர் மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டு, ஏதோ ஒரு பட்டனைத் தட்டி, நீலமாக ஒரு பக்கத்துக்குள் போனார். கீபோர்டைத் தொட்டாலே கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும்படி அந்தப் பழைய ஆபீசில் யாரோ வைத்திருந்தார்களாம். லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். ஒரு வரியை மாற்றினார். அணைத்தார். "தொடைங்க" என்றார். மேசையே ஆடுகிற அளவுக்குத் துடைத்தேன். அதனிடம் மூச்சு இல்லை.

சூப்பர்வைசர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"அப்ப நீதான் எழுப்பிகினு இருந்தியா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "நீங்கதான் சார் சொன்னீங்க! நிறுத்திட்டுத் தொடைன்னு லைனையே நிக்க வச்சி கத்துனீங்க!" என்று நானும் கத்திவிட்டேன். அதோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டர்காரரிடம் திரும்பினேன். "அந்த மெயிலை மாத்துங்க சார்."

"அதான் சரியாயிடுச்சே மேடம். அதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

"அதப் படிச்சிட்டுத்தான் சார் என்ன அனுப்பப் போறாங்க."

வெளியே பஸ் ஹாரன். எலெக்ட்ரீஷியன் மெயின் பக்கத்திலிருந்து, "எறக்கட்டா?" என்றான்.

"இறக்காத தம்பி. மெயில் போகணும்."

"போவட்டும் எக்கா. பஸ்ஸு எங்க போவும்? நானும் அதுலதான வரணும்."

அவர் பெருமூச்சு விட்டு, என் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டு அடித்தார். அடித்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னார். யூசர் மேல தப்பு இல்லன்னு ஒரு வரி போடுங்க என்றேன். போட்டார். அனுப்பினதைக் காட்டச் சொன்னேன். காட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் காட்டச் சொன்னேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள், கையில் ஃபைலோடு. மேனேஜர் அவளை குவாலிட்டி செக்கிங்கில் போட்டார். ஸ்டிக்கரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே என்றாராம். சூப்பர்வைசர்தான் வந்து சொன்னார், ஏதோ தானே பேசி வாங்கிக் கொடுத்த மாதிரி.

அதோடு விட்டாரா? 'கம்ப்யூட்டரை முதலில் துடைக்கவும், பிறகு அணைக்கவும்' என்று அச்சடித்து, லேமினேட் செய்து, என் தலைக்கு மேல் ஒட்டினார். அதான் சரி செய்தாயிற்றே சார் என்றேன். இருக்கட்டும் என்றார். பக்கத்திலேயே 'மெஷினை நிறுத்திய பிறகே துடைக்கவும்' என்ற பழைய போர்டு. அடுத்த மாதம் பெரிய பிளான்ட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர் இரண்டையும் மாறி மாறிப் படித்தார், நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, இரண்டு போர்டும் முட்டிக்கொள்கிறது என்று ஆடிட்டில் ஒரு பாயின்ட் குறைந்துவிட்டது, எல்லாம் உன்னால்தான் என்று கால் மணி நேரம் திட்டினார். உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.