அரிசி மூட்டையோடு நான்கு மாடி

நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் காலை ஆறரை மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான்கு மாடியும் படியேறிப் போகிறேன். மேலே போய் வீட்டுக்குள் நுழைவதில்லை. அதே மூட்டையோடு இறங்கி வந்து மறுபடியும் ஏறுகிறேன். நெதர்லாந்தில் நான் இருக்கும் பக்கம் மலை என்று ஒன்று கிடையாது. இந்த நாட்டுக்காரர்கள் கடலையே ஒதுக்கித் தள்ளி, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே தரை எடுத்து, அதில் வீடு கட்டி மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு வாய் பிளந்துவிடும். ஆனால் எனக்கென்று ஒரு குன்று மட்டும் அவர்களால் செய்து தர முடியவில்லை. அதனால் இந்தப் படிக்கட்டுதான் என் கல்வராயன் மலை.

மூன்றாவது மாடியில் ஹெங்க் என்று ஒருவர் இருக்கிறார். ஆறரை அடி உயரம், கூடவே முழங்கால் உயரத்துக்கு ஒரு நாய். முதல் நாள் என்னை மூட்டையோடு படியில் பார்த்ததும் பதறிப்போய், லிஃப்ட் பழுதா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் சொன்னது புரியவில்லை என்று நினைத்து, லிஃப்ட் பட்டனை அமுக்கிக் கதவு திறப்பதைக் காட்டினார். பிறகு மூட்டையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு லிஃப்டில் கொண்டுபோய் என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போனார். அவர் தலை மறைந்ததும் நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கீழே நாயோடு நின்றுகொண்டிருந்தார். "அரிசி சரியில்லையா? கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உண்மைக் காரணத்தை நின்ற இடத்தில் சொல்லிவிட முடியாது. என் ஊர் வடக்கனந்தல். தெருவில் நின்று பார்த்தாலே கல்வராயன் மலை தெரியும். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதாலோ என்னவோ, எங்கள் வீட்டில் யாரும் அதில் ஏறியதில்லை. என் தங்கை செல்வியைக் கள்ளக்குறிச்சியில் கட்டிக்கொடுத்த பிறகுதான் எங்களுக்கு மலையோடு சம்பந்தம் வந்தது. அவள் புகுந்த வீட்டாரின் குலதெய்வம் அந்த மலைச்சரிவில் இருக்கிறது. தார் ரோடு முடியும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் அங்கேதான். அடிவாரத்தில் பிள்ளையைத் தாய்மாமன் கையில் கொடுத்துவிடுவார்கள். மேலே அவன் மடியில் உட்கார்த்தி மொட்டை அடிக்கும்வரை பிள்ளையின் கால் தரையில் படக்கூடாது. கை மாறவும் கூடாது. தாய்மாமன் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான் சலுகை.

செல்விக்கு நான் ஒரே அண்ணன். அவளுடைய மூத்த மகள் கயலுக்கு மொட்டை அடித்தபோது என் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. தங்கத் தோடு, பட்டுப்பாவாடை, ஊரே பார்க்கிற மாதிரி சீர்வரிசைத் தட்டு என்று வெளிநாட்டு மாமன் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தேன், மூச்சைத் தவிர. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வழியில் ஒரு பெரிய கடுக்காய் மரம், அதன் பக்கத்தில் ஒரு வளைவு. அங்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை மடியிலிருந்து வழுக்கி, அதன் கால் மண்ணைத் தொடப்போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தம்பி ஓடிவந்து வாரி எடுத்துக்கொண்டார். "நீ உக்காருண்ணா, மூச்சு வாங்கிக்கோ" என்று சொன்ன செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரம் மலைக்காரப் பெண் ஒருத்தி தலையில் கடுக்காய் மூட்டையோடு எங்களைக் கடந்து மேலே போனாள். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துவிட்டு, "சின்ன அடியா வெய்யிங்க, மேல எவ்ளோ கீதுன்னு பாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். பேசிக்கொண்டே ஏறியும் அவளுக்கு மூச்சு இரைக்கவில்லை. அவமானத்துக்கு நடுவிலும் நான் அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடம் கழித்து செல்விக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். நிலா என்று பெயர் வைத்தார்கள். போனில் மொட்டை விஷயத்தை எடுத்த செல்வி தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணா, மனசுல ஒண்ணும் வெச்சிக்காத. இந்தத் தபா எங்க கொழுந்தனாரே தூக்கிக்கினு போவட்டும்னு மாமியாரு சொல்றாங்க. உனக்கு ஒடம்பு ஒத்துக்காதுன்னுதான். நீ மேல வந்து மடியில வெச்சிக்கினா போதும்."

"நான் எப்டி மேல வர்றது?"

"அதான், மெதுவா வா. இல்லன்னா கீழயே இரு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

இதைவிட நேரடியாகத் திட்டியிருக்கலாம். வைகாசியில் வைத்திருக்கிறார்கள், எட்டு மாதம் இருக்கிறது. நானே தூக்குகிறேன், வேறு யார் கையும் படக்கூடாது என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான் பயம் வந்தது.

இங்கே எதற்கும் முதலில் ஹுய்ஸ்ஆர்ட்ஸிடம் போகவேண்டும். நம் ஊர் குடும்ப டாக்டர் மாதிரி. அவர் முட்டியை மடக்கிப் பார்த்து, ரத்தம் எடுத்து, இதயத்தைச் சோதித்து, நடக்கலாம், ஏறலாம், அவசரம் மட்டும் கூடாது என்று சொல்லி அன்னெகெ என்ற டயட்டீஷியனிடம் அனுப்பினார். அன்னெகெ சொன்ன கணக்கு ரொம்பச் சின்னது. உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கலோரியைவிடக் கொஞ்சம் கம்மியாகச் சாப்பிட்டால், குறைகிறதை அது தன் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் என்ற சொல்லை அவள் மூன்று தடவை சொன்னாள். பட்டினி கிடந்தால் இரண்டாவது வாரமே எல்லாவற்றையும் விட்டுவிடுவாய் என்றாள். சாப்பிடுவதையெல்லாம் போனில் ஒரு ஆப்பில் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். நான் உண்மையாகத்தான் எழுதினேன். மதியம்: சோறு, ஒரு கப்.

ஆறு வாரம் ஓடியது. கால் கிலோகூடக் குறையவில்லை. படியேறுகிறேன், நடக்கிறேன், டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன், ஆனாலும் எடை பார்க்கிற மெஷின் அசையவில்லை. என் உடம்பு வேறு ஜாதி உடம்பு, இது நம்மால் ஆகாது என்று முடிவுக்கே வந்துவிட்டேன். அன்னெகெ எதற்கும் ஒரு மதியச் சாப்பாட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றாள். அந்த வாரம் மூன்று படம் அனுப்பினேன். அடுத்த தடவை போனபோது அவள் அந்த மூன்றையும் கம்ப்யூட்டரில் வரிசையாக வைத்திருந்தாள்.

"நல்லது. இது திங்கள், இது செவ்வாய், இது புதன். இல்லையா?"

"இல்லை, எல்லாமே திங்கள் மதியம்தான்."

அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் படம் குழம்புச் சோறு. இரண்டாவது ரசச் சோறு. மூன்றாவது மோர்ச் சோறு. மூன்று சோற்றையும் சேர்த்து ஒரு சாப்பாடு என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்துத் தெரிந்த விஷயமில்லை, மூச்சு விடுவது மாதிரி. ஒரு வேளை என்றால் ஒரு கப் என்று எழுதிவைத்திருந்தேன். ரசத்துக்கும் மோருக்கும் போட்ட சோறு என் கணக்கில் சோறாகவே வரவில்லை. அன்னெகெ சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து தட்டைத் தராசில் வைத்துச் சோற்றை நிறுத்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

மூன்றையும் நான் விடவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். ரசம் இல்லாமல் என்னால் சாப்பிட்டு எழுந்திருக்க முடியாது. ஆனால் மூன்றுக்கும் சேர்த்து அந்த ஒரே கப்பைப் பங்கு போட்டேன். தட்டில் காலியான இடத்தைப் பொரியலும் கீரையும் முட்டையும் நிரப்பின. அடுத்த வாரமே மெஷின் அசைந்தது. அதன்பிறகு வாரத்துக்கு அரைக்கிலோவிலிருந்து முக்கால் கிலோவரை, சில வாரம் ஒன்றுமேயில்லை. படியும் அப்படித்தான். முதல் வாரம் மூட்டை இல்லாமல் இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது மாதம் மூட்டையோடு நான்கு மாடி ஏறி, மேலே நின்றபோது இருதயம் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. என் மார்பில் நானே கை வைத்துப் பார்த்தேன். நாற்பத்து நான்கு வயது உடம்பு, பத்து வருடம் நாற்காலியில் போட்டுவைத்த உடம்பு, கேட்டதும் திரும்பி வருகிறது. இதை யார் இப்படிச் செய்துவைத்தார்கள் என்று அந்தப் படியில் நின்று வியந்துபோனேன்.

கத்தாரிலோ கோலாலம்பூரிலோ, அல்லது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக் கல்லாவிலோ உட்கார்ந்துகொண்டு, நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முதல் ஆறு வாரம் ஒன்றும் நடக்காமல் போகலாம். அப்போது உடம்பைத் திட்டாதீர்கள், கணக்கில் எங்கே ரசச் சோறு ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டுவிட்டால் அதற்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஒரு மாடியில் ஆரம்பியுங்கள்.

வைகாசியில் தொண்ணூற்றாறு கிலோவோடு ஊருக்குப் போய் இறங்கினேன். மாலை மரியாதையை எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பார்த்த மாத்திரத்தில் அழ ஆரம்பித்தாள்.

"இன்னாடா இது, கன்னமெல்லாம் ஒட்டிப்போயி? சுகரு கிகரு வந்துகீதா? எங்கிட்ட மறைக்காத!"

பக்கத்து வீட்டுக்காரர் வேலை போய்விட்டதா என்று விசாரித்தார். சாப்பிட உட்கார்ந்தால், "இது இன்னா கொறிக்கிறியா, சாப்புட்றியா?" என்று அம்மா குண்டானோடு தலைக்கு மேலேயே நின்றாள். அவளுக்கு வயது அறுபத்தெட்டு. அதே மூன்று சோற்றை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டவள், ஒரு பிடி சதை கூடியதில்லை. விடிந்ததிலிருந்து கரும்புக் கொல்லையிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் குனிந்து நிமிர்ந்தவளுடைய தட்டு அது. அந்தத் தட்டை நான் நாற்காலிக்குக் கொண்டுபோய்விட்டேன். அவளிடம் இதைச் சொன்னேன். "போடா" என்று இன்னொரு கரண்டி போட்டாள். அன்றைக்கு மட்டும் சாப்பிட்டேன்.

அடிவாரத்தில் நிலாவை என் கையில் கொடுத்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அரிசி மூட்டை காதைப் பிடித்து இழுக்காது. கண்ணாடியைப் பிடுங்கி எறியாது. பதினொன்றரைக் கிலோவும் ஒரு நிமிடம் இந்தப் பக்கம், ஒரு நிமிடம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எட்டு மாதம் பயிற்சி எடுத்தும் நெளியும் சுமைக்கு நான் தயாராகவில்லை. வேறு வழி தெரியாமல் சின்ன அடியாக வைத்து, மேலே பார்க்காமல் மாடி எண்ண ஆரம்பித்தேன். இதோ ஹெங்க் வீடு, இதோ என் வீடு, மறுபடி கீழிருந்து. பின்னாலிருந்து ஒருவர் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி மேலே போனார். நான் எட்டு மாதம் பாடுபட்டுச் செய்வதை மலையில் இருக்கிறவர்கள் காலை வேலையாகச் செய்கிறார்கள். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கை காலியாக இல்லை.

கடுக்காய் மரம் வந்தது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். என்னோடு எல்லாரும் நின்றார்கள். மாப்பிள்ளையின் தம்பி பக்கத்தில் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க மச்சான், போதும். நான் பாத்துக்கறேன்."

"தண்ணி மட்டும் குடுங்க" என்றேன்.

செல்வி பாட்டிலைத் திறந்து அவளே என் வாயில் ஊற்றினாள். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தாள். "முடியுமாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். மார்பில் கை வைத்துப் பார்க்க முடியாது, ஆனால் உள்ளே அடிக்கிற சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான். படியில் தினமும் கேட்ட சத்தம். "நாலாவது மாடி வந்துடுச்சி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் நிலா என் தோளில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனாள். தூங்கும் பிள்ளை இன்னும் கனக்கும். அவள் விழித்துவிடாதபடி முதுகைத் தட்டிக்கொண்டே ஏறினேன். மரங்கள் விலகி, கீழே வடக்கனந்தலும் அதற்கப்பால் கள்ளக்குறிச்சியும் ஒரே பச்சையாக விரிந்தபோது, நெதர்லாந்தின் தரை மாதிரி எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. கோயில் வாசலில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது செல்வியின் மாமியார், "கால் படாம கொண்டாந்துட்டீங்களே தம்பி" என்றார். செல்வி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். எனக்கு அழுகை வந்தது. வேர்வையோடு அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. மூட்டையை நான் விடவில்லை. ஹெங்க்கிடம் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாக் கதையையும் சொல்லி, நிலாவின் மொட்டைத் தலைப் படத்தையும் காட்டினேன். போன வாரம் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றேன். அவர் கதவைத் திறந்துகொண்டு நாயோடு வெளியே வந்தவர், சட்டென்று நின்று, நாயின் கழுத்துப்பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். என் வலது கை, எனக்கே தெரியாமல், அரிசி மூட்டையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"தூங்கிவிட்டாளா?" என்று ஹெங்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, தோளை அசைக்காமல் மீதி ஒரு மாடியையும் ஏறினேன்.