நீலத்துக்கு எதிரே அப்பா

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நான் திண்டிவனத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஊர்ப்பட்ட முகமெல்லாம் என் மானிட்டர் வழியாகத்தான் போகும். பக்கத்துச் சுவரில் கலர் சக்கரம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தேன். ஒரு கலருக்கு அதில் நேர் எதிரே இருப்பதைச் சேர்த்துப் போட்டால் ரெண்டும் எடுப்பாக நிற்கும். மனுசத் தோல் யாருடையதானாலும் ஆரஞ்சுப் பக்கம்தான் விழும், அதனால் முகத்துக்குப் பின்னால் நீலம். இது புரியாமல் சிவப்புதான் வேணும் என்று வருகிறவர்களோடு கத்தியே என் தொண்டை போச்சு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. போட்டோ கொடுக்கிற எல்லாரும், "மூஞ்சிய கொஞ்சம் வெளுப்பா பண்ணிடுப்பா" என்பார்கள். முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம் யாரும் சொல்லாமலே கை தானாக வெளிச்சத்தை ஏற்றிவிடும்.

கிளியனூரில் எங்கள் நிலத்தில் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அப்பா வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. எரித்துவிட்டு வந்து சோறு தின்றேன், தூங்கினேன். சீ, என்ன ஜென்மம் என்று என்னையே திட்டிப் பார்த்தேன், அதுவும் உறைக்கவில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான். "காரியத்துக்கு அவரு மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி பெருசா ஒண்ணு போட்டுக் குடுடா. பாத்துக்கினாவது இருக்கேன்."

வேறு ஆளை வைத்துப் போடட்டுமா என்றார் கடைக்காரர். நானே போடுறேன் என்றேன். தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒன்றுதான் தேறியது. நீலப் பின்னணி, ஓரத்தில் வெளிர் மஞ்சள், அரை மணி நேரத்தில் முடிந்தது. நல்லா வந்திருக்கு என்று நினைத்தேன். அது மட்டும்தான் நினைத்தேன்.

காரியத்துக்கு முதல் நாள் காலையில் பேனரை வாசலில் விரித்தேன். அம்மா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாருடா இது?"

"என்னம்மா, அப்பாதான்."

"உங்கப்பா எப்படா இவ்ளோ வெளுப்பா இருந்தாரு? வெயில்ல நின்னு நின்னு கருத்த மனுசன்டா. அவர எதுக்குடா வெளுக்க வெச்ச?"

வேண்டுமென்று செய்யவில்லை. செய்ததே அப்போதுதான் தெரிந்தது. பேனரைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு பஸ் ஏறினேன்.

பழைய போட்டோவைத் திறந்தால் கல்யாண வீட்டு போட்டோக்காரன் ஏற்கெனவே அவரை வெளுத்திருந்தான். அப்பாவின் நிஜ நிறம் எந்தப் படத்திலும் இல்லை. அப்பனை உரிச்சு வெச்சிருக்கான் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். சட்டைக் கையைச் சுருட்டி, போட்டோ வைக்கிற ஸ்கேனர் கண்ணாடிமேல் என் முன்கையை அழுத்தி வைத்து ஸ்கேன் எடுத்தேன். அந்தத் தோலின் நிறத்தைத் தொட்டு அப்பா முகத்தில் கொண்டுவந்தேன். திரையிலிருந்த கலர் சக்கரத்தில் நிறத்தைக் காட்டும் புள்ளி நகரவே இல்லை, அதே ஆரஞ்சுதான். வெளிச்சம் மட்டும் இறங்கியது. நீலத்தை நான் தொடவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய கறுப்புக்கும் அது அப்படியே பொருந்தியது.

அப்போதுதான் அழுதேன். பத்திரிகை டிசைன் பார்க்க வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே அழுதேன்.

சாயங்காலம் புதுப் பேனரை விரித்ததும் அம்மா அந்தக் கன்னத்தைப் புறங்கையால் தடவினாள்.

"இப்ப கட்டுடா" என்றாள்.