புடலைக்குப் போர்த்திய வேட்டி

எனக்கு எட்டு வயதான அந்த அக்டோபரில் எங்கள் தோட்டத்தில் கடைசியாக மிஞ்சியது ஒரு புடலங்காய். தோட்டம் என்பது பெரிய சொல். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடியிருந்த தரைத்தள அபார்ட்மெண்டின் பின்னால் அம்மா கொத்திப் பண்படுத்தியிருந்த நாலு தப்படி மண், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மாலை, அன்றிரவு உறைபனி விழும் என்று டிவியில் சொன்னார்கள். அப்பா உடனே இறங்கினார். பச்சைத் தக்காளியைத் தொக்குக்குப் பறித்தார். முற்றிய வெண்டைச் செடிகளைப் பிடுங்கினார். கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வைத்தார். பிறகு கத்தரிக்கோலுடன் புடலைப் பந்தலுக்குப் போனார்.

"அது விதைக்கு விட்டதுங்க. பழுக்க இன்னும் ஒரு வாரமாவது ஆகும்," என்றாள் அம்மா. ஊரிலிருந்து கொண்டுவந்த விதை அந்தக் கொடியோடு தீர்ந்திருந்தது.

"டிசம்பரோட ப்ராஜெக்ட் முடியுது. அப்புறம் டெக்சாஸோ, ஊரோ. விதைய வச்சு என்ன பண்ணப் போற?"

அம்மா உள்ளே போய் அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்துவந்து, பந்தலின் மேல் போர்த்தி, துணி கிளிப்புகளை மாட்டினாள்.

"அது பொங்கலுக்குக் கட்டற வேட்டி."

"பொங்கலுக்குள்ள துவைச்சுத் தரேன்."

மறுநாள் காலை, நாயுடன் நடக்க வந்த பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி நின்று பார்த்தார். வாசலில் பேயும் பூசணியும் வைக்கும் ஹாலோவீன் பண்டிகைக்கு இந்த வரிசையிலேயே முதல் பேய் எங்களுடையதுதான் என்று பாராட்டினார். அதுவரை எங்கள் வீட்டில் ஒரு பூசணி கூட வைத்ததில்லை. அவர் போனதும் நான் மார்க்கரை எடுத்து, வேட்டியில் இரண்டு பெரிய கண்களை வரைந்தேன்.

"பர்மனென்ட் மார்க்கராடி?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

வேட்டிக்கு வெளியே நீண்ட இலைகள் கருகின. காய் பிழைத்து, பத்தாம் நாள் ஆரஞ்சு நிறத்தில் வெடித்தது. விதைகளை அம்மா கழுவிக் காயவைத்து, காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடினாள்.

பொங்கலன்றும் அதே சமையலறையில்தான் இருந்தோம். அப்பா அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே வந்து நின்றார். எத்தனை முறை துவைத்தும் போகாத இரண்டு கண்கள் அவருடைய முழங்காலிலிருந்து என்னையே பார்த்தன. இன்று திட்டு நிச்சயம் என்று அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

"இந்த வருஷம் பந்தலைக் கொஞ்சம் உயரமா போடலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா பொங்கலைக் கிளறிக்கொண்டே, "போடலாங்க," என்றாள்.

இங்கேயே வேறு வேலை தேடிக்கொண்டு, டெக்சாஸ் வேலையை அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், திட்டு விழவில்லை என்பதுதான்.