அன்னாசிப்பழ மாக்ஸி

ஹில்டாவுக்கு ஒரு பொருள் பிடித்துப்போனால் அது ஊருக்கே பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பானிபட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கேட்டால் முழிப்பாள். போன செவ்வாய்க்கிழமை பீச் ரோட்டில் நடந்துபோன கிரேக்கக் கப்பல் சமையல்காரரின் சட்டையில் எத்தனை பொத்தான் என்று கேட்டுப் பாருங்கள், மூச்சு விடாமல் சொல்லுவாள். அது பாடத்தில் வராதது அவள் குற்றமா?

வருஷம் 1974. பையன்களின் பேன்ட் தெருவைப் பெருக்கிக்கொண்டு போன காலம். சட்டைக் காலரைப் பார்த்தால் யானைக்குக் காது தைத்த மாதிரி இருக்கும். பெண்பிள்ளைகளில் கொஞ்சம் துணிந்தவர்கள் மாக்ஸி என்ற நீளக் கவுனுக்கு ஆசைப்பட்டார்கள், துணியாதவர்கள் மாக்ஸி போட்டவளைத் திட்டினார்கள். ஹில்டா இரண்டையும் செய்யாமல், எல்லாவற்றையும் எழுதி வைத்தாள்.

எழுதுவதற்கு அவளுக்கென்று ஒரு பத்திரிகை இருந்தது. ‘அலைவரிசை’ என்று பெயர். மாதம் ஒன்று வரும், மொத்தமே ஒரு பிரதிதான். கையெழுத்துப் பத்திரிகை என்றால் அப்படித்தான். அந்த ஒரு பிரதி வகுப்பு வகுப்பாகச் சுற்றி, சாம்பார் கறையும் மல்லிகைப்பூ வாசனையுமாகத் திரும்பி வரும். அதில் ‘இந்த மாதம் எனக்குப் பிடித்தவை’ என்ற பக்கம் ஹில்டாவுடையது. இலங்கை வானொலியில் மத்தியானம் பாட்டுப் போடுகிற அம்மாவின் குரல், சிப்பியின் உட்பக்க நிறத்தில் வந்திருக்கும் நகப்பூச்சு, கைக்குட்டையில் துணிச்சாயத்தால் நண்டு வரைவது எப்படி என்று என்னென்னவோ வரும். அவள் நண்டைப் போற்றி எழுதிய மறுவாரம் கல்லூரியில் பாதிக் கைக்குட்டைகளில் நண்டு ஊர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படமெல்லாம் போடுவாளே தவிர, ஹில்டாவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் அவள் தாளில் கிறுக்கிக் கொடுப்பதைப் பார்த்து அழகாக எடுத்தெழுதுவது அருணாசலவடிவு. தாமிரபரணிக் கரையில் வயலும் வாழையுமான ஒரு ஊர்க்காரி, கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். பேச்சு குறைவு, எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஹில்டாவின் அப்பா பர்னபாஸ் தோணியில் தண்டல், அதாவது அந்தப் பாய்க்கப்பலுக்கு அவர்தான் கேப்டன். கடல் கொந்தளிக்கும் ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் தோணி கரையில் கிடக்கும், அவரும் வீட்டில் கிடப்பார். அதற்கு முன் மே மாதம் கடைசி நடை கொச்சிக்குப் போய் வந்தபோது, வழக்கம் போல ஒரு தான் துணி, வெட்டாத முழுச் சுருளாக, தோளில் வந்து இறங்கியது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பனிமய மாதா திருநாள். அதற்குக் குடும்பத்துக்கே ஒரே தானில் துணி எடுத்துத் தைப்பது அந்த வீட்டு முறை. அம்மா ஆக்னஸுக்கு ஜாக்கெட், ஹில்டாவுக்கும் தங்கச்சி ரோஸுக்கும் பாவாடை, கடைக்குட்டி பிளாரன்ஸுக்குக் கவுன், தண்டலுக்கே ஒரு அரைக்கைச் சட்டை. மிஞ்சினது ஜன்னலுக்கு.

அந்த வருஷத் துணியைப் பிரித்ததும் ஹில்டா “அய்யோ மாதாவே” என்று உட்கார்ந்துவிட்டாள். செம்மஞ்சள் நிறம். அதன் மேல் பச்சைக் கொண்டை வைத்த அன்னாசிப்பழங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.

“கொச்சியில மூணு நாள் கடை கடையா ஏறி இறங்குனேன்” என்றார் பர்னபாஸ், பெருமை தாங்காமல். “இதவிடக் கண்ணைப் பறிக்குத துணி மலையாளத்துலயே கெடையாது, பாத்துக்க.”

“கண்ணைப் பறிக்கத்தான் செய்யுதுப்பா” என்றாள் ஹில்டா.

அந்த எரிச்சல் அடங்காமல் ஜூலை இதழில் வந்து விழுந்தது. பிடித்தவற்றுக்குக் கீழே முதல் தடவையாகப் ‘பிடிக்காதது’ என்று ஒன்றைச் சேர்த்தாள். ‘ஒரே தானில் வெட்டிய குடும்பம். அப்பா சட்டை, அம்மா ஜாக்கெட், பிள்ளைகள் பாவாடை, ஜன்னல் திரை எல்லாம் ஒரே பூ. அந்த வீட்டுக்குப் போனால் ஜாக்கிரதையாக இருங்கள். திரை என்று நினைத்து அம்மாவை விலக்கிவிடாதீர்கள்.’

கல்லூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மரத்தடியில் ஒருத்தி திரையாகவும் இன்னொருத்தி அம்மாவாகவும் நடித்துக் காட்டினாள். “யாரு வீடுளா அது?” என்று கேட்டவர்களிடம் “குலசேகரன்பட்டினத்துப் பக்கம் ஒரு வீடு” என்று ஹில்டா கூசாமல் புளுகினாள். வடிவு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எதைத்தான் கேட்டிருக்கிறாள்?

வினை அதற்கப்புறம்தான் வந்தது. ஜூலைக் கடைசியில் ஒருநாள் வடிவு வாயெல்லாம் பல்லாக வந்து நின்றாள். “ஹில்டா, வார்டன் அனுமதி குடுத்துட்டாங்க. நான், செல்லக்கனி, இன்னும் ரெண்டு பேரு. மாதா திருநாளுக்கு உங்க வீட்டுக்கு வாரோம். சப்பரம் பாக்கணும், உங்க அம்மா கைச் சாப்பாடு சாப்பிடணும்.”

 இந்த நால்வர் கண்ணில் அன்னாசிப்பழக் குடும்பம் பட்டால் போதும், மறுநாள் மரத்தடி நாடகத்தில் திரையாக நடிப்பவளுக்கு ஹில்டா என்றே பெயர் வைத்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் எது அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் பக்கத்தை அதன் பிறகு யார் சீண்டுவார்கள்?

“வீட்டுக்கு வேண்டாம்ளா, கூட்டத்துல வழி தெரியாது. நேரா கோயில் வாசலுக்கு வந்திருங்க, நான் நிக்கேன்” என்று சமாளித்தாள். திரையிலிருந்து தப்பித்தாயிற்று, சரி. உடம்பில் போட்டிருப்பதற்கு என்ன செய்வது?

இதில் ஒரு வேடிக்கை. துணி பிடிக்கவில்லையே தவிர, ஒரு துணியைக் கெடுக்க அவளுக்குக் கை வராது. தன் பங்கைப் பாவாடையாகத் தைக்க விடாமல், டெய்லர் மனுவேலிடம் படம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கணுக்கால் வரை மாக்ஸி, நெஞ்சுக்கு வெள்ளைப் பட்டி, முழங்கைக்குக் கீழே மணி மாதிரி விரிகிற கை. கோயிலுக்குள் தலையை மூட அதே துணியில் ஒரு முக்காடு.

மனுவேல் படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். “ஏளா, இது போட்டுக்கிடுததுக்கா, தரையத் தொடைக்கதுக்கா?”

“நீங்க தைங்க மாமா. பழம் மட்டும் நேரா நிக்கணும், தலைகீழா வந்துச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்.”

தைத்து வந்ததைப் பார்த்தபோது ஹில்டாவுக்கு ஒரு நிமிஷம் மனசு துள்ளத்தான் செய்தது. ஆனால் வீட்டில் வரிசையாகத் தொங்கிய மற்ற நாலு அன்னாசித் துணிகளைப் பார்த்ததும் துள்ளல் அடங்கிப்போனது. மாக்ஸியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

திருநாள் அன்று சாயங்காலம். வெளியே வேட்டுச் சத்தம், தெருவெல்லாம் ரோஜாப்பூ வாசனை. பர்னபாஸ் செம்மஞ்சள் சட்டையில் ஜம்மென்று தயாராக நின்றார். ஆக்னஸ், ரோஸ், பிளாரன்ஸ் மூவரும் பழுத்துக் குலுங்கினார்கள். ஹில்டா மட்டும் போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலத் தாவணியில் வெளியே வந்தாள்.

பர்னபாஸின் முகம் சட்டென்று மாறியது. கோபம் என்று நினைத்தால் அது கோபம் இல்லை.

“என்னளா, நீலமா?”

“இதுவும் நல்லாத்தான இருக்குப்பா.”

“நல்லாத்தான் இருக்கு. மாதாவுக்கு நீலம்னு பாதி ஊரு நீலத்துலதான் வந்து நிக்கும். அதுக்குள்ள உன்னை எங்கன போயித் தேட?”

“நான் என்ன சின்னப்பிள்ளையா, தேடுததுக்கு?”

அவர் ஏற்கெனவே கழுவின காலை மறுபடியும் கழுவப்போகிறவர் மாதிரிக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஆக்னஸ்தான் மகளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“ஏளா, என்னைக்காவது ஏன் ஒரே துணின்னு கேட்டிருக்கியா? வேற வேற துணி வாங்கக் காசு இல்லாமலா எடுக்காரு? உனக்கு மூணு வயசு. இதே திருநாள் கூட்டத்துல அப்பா கையை விட்டுட்டுப் போயிட்ட. ரெண்டு மணி நேரம். கோயிலுக்கும் கடலுக்கும் கெறுக்குப் பிடிச்ச மாதிரி ஓடுனாரு. புயலுக்குக் கலங்காத மனுசன், அன்னைக்கு நடுத்தெருவுல உக்காந்து அழுதாரு. நீ மகராசி, வளையல் கடைக் கட்டிலுக்கு அடியில உறங்கிக் கெடந்த. நீ என்ன நிறத்துல உடுத்தியிருந்தன்னு கேட்டவங்ககிட்ட அவருக்குச் சொல்லத் தெரியல. அடுத்த வருசத்துலேருந்துதான் இந்தத் தான். கோயில் படியில ஏறி நின்னு எண்ணுவாரு. எண்ணி முடிச்ச பிறகுதான் மாதாவையே பாப்பாரு.”

 எதை வைத்துக் கல்லூரியைச் சிரிக்க வைத்தோம் என்று நினைத்ததும் ஹில்டாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. கோயில் வாசலில் நிற்கப்போகிற நாலு பேரின் பயமும் போகவில்லை, அதுவும் கூடவே இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு அடியில் கையை விட்டு மாக்ஸியை உருவினாள். ஆனது ஆகட்டும் என்று தலை வழியாகப் போட்டாள்.

கொல்லையிலிருந்து வந்த பர்னபாஸ் மகளை மேலும் கீழும் பார்த்தார். “அடி சக்கை!” என்றார். “ஏ ஆக்னஸ், நம்ம துணியா இது? பாய் விரிச்ச தோணி மாதிரில்லா வாரா!”

கோயில் வாசலில் எள் போட்டால் எள் விழாது. அதற்குள்ளும் வடிவின் கண் அவளைப் பிடித்துவிட்டது. “ஹில்டா!” என்று நாலு பேரும் முண்டியடித்து வந்தார்கள்.  மாக்ஸியைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ரோஸையும் பிளாரன்ஸையும் பார்த்தார்கள், அம்மாவின் ஜாக்கெட்டைப் பார்த்தார்கள். ஹில்டாவுக்குக் காது இரண்டும் கொதித்தன.

செல்லக்கனிதான் முதலில் வாயைத் திறந்தாள். “யாத்தே! இந்தக் கைய யாருளா தச்சா? எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்!” மற்ற இருவரும் ஹில்டாவைச் சுற்றி வந்து விளிம்பைத் தூக்கிப் பார்த்தார்கள், வெள்ளைப் பட்டியைத் தடவிப் பார்த்தார்கள். தைத்த டெய்லர் கடை எந்தத் தெரு என்று கேட்டார்கள். தப்பித்தோம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஹில்டாவால் முடியவில்லை. வடிவைத் தனியாக இழுத்தாள்.

“வடிவு, நான் எழுதுன அந்தக் குடும்பம் குலசேகரன்பட்டினம் இல்லளா. எங்க வீடுதான்.”

“தெரியும்” என்றாள் வடிவு.

“தெரியுமா? எப்படிளா?”

“நீ கிறுக்கிக் குடுத்த தாளப் பாத்து நாந்தான எடுத்து எழுதுனேன்? மொதல்ல ‘எங்க வீட்டில்’னு எழுதியிருந்த. பெறகு அதைப் பேனாவால அடிச்சு அடிச்சு, தாளே கிழிஞ்சு கெடந்துச்சு. அவ்வளவு அடிச்சிருந்தியே, அதான் பாவமா இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல.”

இதைச் சொல்லிவிட்டு வடிவு சப்பரம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள், அவ்வளவு சாதாரணமாக. ஹில்டா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் மூக்கு ஒழுகியது, நண்டுக் கைக்குட்டையை வேறு வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள்.

“உள்ள போகணும்னா தலைய மூடணும்லா? நான் தாவணி போடலியே, எனக்கு என்ன வழி?” என்று கேட்டாள் வடிவு.

“இதைப் போட்டுக்கோ, எனக்கு அம்மா முந்தானை போதும்.” ஹில்டா தன் முக்காட்டை எடுத்து வடிவின் தலையில் போட்டு, கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். தாமிரபரணிக்காரியின் தலையில் மூன்று அன்னாசிப்பழம் நேராக நின்றது. கண்ணாடி இல்லாததால் வடிவு செல்லக்கனியின் முகத்தைப் பார்த்தே தனக்குப் பொருத்தம்தான் என்று தெரிந்துகொண்டாள்.

மணி அடித்தது. கூட்டம் “மரியே வாழ்க!” என்று அலை மாதிரி எழும்பியது, சப்பரம் அசைந்து திரும்பியது. கோயில் படியின் உச்சியில் செம்மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர், எல்லோரும் பார்த்த திசையைப் பார்க்காமல், தலைகளுக்கு மேலே விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எண்ணினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, நடுக்கடலில் அடுத்த தோணியைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

“ஏ ஆக்னஸ்! நாலுதான வரணும், அஞ்சுல்லா இருக்கு!”